"ஆம், நான் சொல்வதைச் செய்!": லினக்ஸ் அப்டேட்டின் முப்பது வருடக் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

பழைய லெப்டொப்களைத் திருத்தி, லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியதில் இருந்து பெற்றோர் என்னிடம் கேட்பதில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். "சேர், அப்டேட் கேட்குது. கொடுக்கலாமா?" இதற்கு ஊரில் ஏற்கனவே ஒரு பதில் பரவி இருக்கிறது. "கொடுக்காதீங்க, கொடுத்தா உடைஞ்சிடும்." அப்டேட் வந்துவிடுமோ என்ற பயத்தில் மகனுடைய கணினிக்கு வைஃபை பாஸ்வேர்டையே கொடுக்காமல் வைத்திருக்கும் ஒரு நானாவும் இருக்கிறார்.

இந்தப் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஐ.சீ.ரீ. பாடப் புத்தகத்தில் இயங்கு முறைமை பற்றி ஒரு அத்தியாயம் உண்டு, ஆனால் இந்த வரலாறு அதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். நம் கல்யாண வீட்டுச் சஹனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். ஆறு பேருக்கும் தனித்தனியாகச் சோற்றுப் பார்சல் கட்டலாம்தான். இடமும் செலவும் கூடும். சஹன் சிக்கனம். ஆனால் நடுவில் இருக்கும் கறியை மாற்றினால் ஆறு பேருக்கும் மாறும். ஐந்து பேர் சந்தோஷப்படலாம், இறால் ஒத்துக்கொள்ளாத ஆறாவது ஆள் என்ன செய்வார்?

லினக்ஸில் இருக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் சஹனில் சாப்பிடுபவை. ஒரு இணைய உலாவி தனக்குத் தேவையான எல்லாவற்றையும் தானே சுமந்து வருவதில்லை. எழுத்துருவை வரைவதற்கு ஒரு லைப்ரரி, படத்தைத் திறக்க ஒரு லைப்ரரி, இரகசியக் குறியீட்டுக்கு ஒரு லைப்ரரி என்று பொதுவில் வைக்கப்பட்டிருக்கும் கோப்புகளில் அது தங்கியிருக்கிறது. அதே கோப்புகளில் இன்னும் நூறு மென்பொருள்கள் தங்கியிருக்கும். சீ லைப்ரரி என்று ஒன்று இருக்கிறது. கணினியில் ஓடும் ஏறக்குறைய எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. இப்போது ஒரு மென்பொருளுக்கு லைப்ரரியின் 3ஆம் பதிப்பு வேண்டும், இன்னொன்று 2ஆம் பதிப்போடு மட்டுமே வேலை செய்யும் என்றால்? அப்டேட் கதை முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருந்து பிறந்தது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் லினக்ஸை வெளியிட்டபோது அது ஒரு கேர்னல் மட்டும்தான். அதோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்து ஒரு முழுத் தொகுப்பாக மக்களுக்குக் கொடுக்கும் வேலையை வேறு ஆட்கள் செய்தார்கள். 1993 இல் பெட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லெக்வெயார் அவற்றில் ஒன்று. அதில் மென்பொருள்கள் சுருக்கிய கோப்புப் பொதிகளாக வந்தன. பொதியை விரித்தால் கோப்புகள் உரிய இடத்தில் போய் உட்காரும், அவ்வளவுதான். இது எதில் தங்கியிருக்கிறது, அது உங்களிடம் இருக்கிறதா என்று எதுவும் கேட்காது. அதையெல்லாம் நினைவில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. ஸ்லெக்வெயார் இன்றும் உயிரோடு இருக்கிறது, அதனுடைய கருவிகள் இன்றும் தங்கியிருத்தலைப் பார்ப்பதில்லை. தன் கணினியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அது போதும் என்பது அவர்கள் நிலைப்பாடு. எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு. ஆனால் தரம் 9 பிள்ளைக்கு அதைக் கொடுக்க மாட்டேன்.

அதே 1993 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டொக் டெபியன் என்ற தொகுப்பை அறிவித்தார். டெப்ரா என்ற தன் காதலியின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. டெபியனுக்காக எழுதப்பட்ட பொதிக் கருவியின் பெயர் டீ.பி.கே.ஜீ. இயன் ஜெக்சன் அதை முறையாக எழுதி வளர்த்தார். ஒவ்வொரு பொதியோடும் ஒரு சிறிய குறிப்பு வர வேண்டும் என்பது அதில் இருந்த புதுமை. நான் யார், என் பதிப்பு எண் என்ன, நான் யாரில் தங்கியிருக்கிறேன், யாரோடு எனக்கு ஒத்துவராது, யாருடைய இடத்தை நான் நிரப்புவேன் என்றெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். 1995 இல் ரெட் ஹெட் நிறுவனத்தில் மார்க் யூவிங்கும் எரிக் ட்ரோனும் ஆர்.பீ.எம். என்ற கருவியை உருவாக்கினார்கள். அடிப்படை எண்ணம் அதுவேதான்.

அதுவரை மனிதனின் தலைக்குள் இருந்த அறிவு இப்போது எழுத்தில் வந்துவிட்டது. ஆனால் தேவையைத் தெரிந்துகொள்வதும் தேவையைத் தீர்ப்பதும் ஒன்றா? இல்லை. கருவி உங்களிடம் சொல்லும்: "இதை நிறுவ முடியாது, இன்ன லைப்ரரி வேண்டும்." சொல்லிவிட்டு நின்றுவிடும். நீங்கள் இணையத்தில் தேடிப்பிடித்து அந்த லைப்ரரியைக் கொண்டுவருவீர்கள். அது இன்னும் இரண்டைக் கேட்கும். அந்த இரண்டில் ஒன்றைக் கொண்டுவந்தால், ஏற்கனவே இருக்கும் வேறொன்றோடு அது மோதும். ஒரு பாட்டுக் கேட்கும் மென்பொருள் போடப் போய் இரவு முழுக்க விழித்திருந்தவர்கள் இதற்கு "டிபென்டன்ஸி நரகம்" என்று பெயர் வைத்தார்கள். "ஆர்.பீ.எம். நரகம்" என்றும் சொன்னார்கள்.

ஆர்.பீ.எம். மீது இந்தப் பழி விழுந்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தக் கோப்பு வடிவத்தில் பெரிய குறை இல்லை. ரெட் ஹெட், சூசே, மென்ட்ரேக் என்று பல தொகுப்புகள் ஒரே வடிவத்தைப் பயன்படுத்தின. ஆனால் ஒரே லைப்ரரிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தன, ஆளுக்கொரு விதமாகப் பிரித்தன. ஒரு தொகுப்புக்காகக் கட்டிய பொதியை இன்னொன்றில் போட்டால் "ஆளைத் தெரியாது" என்று சொல்லத்தானே செய்யும்? டெபியனிடம் இருந்தது கருவியைவிடப் பெரிய ஒன்று. எல்லாப் பொதிகளும் எப்படிப் பெயரிடப்பட வேண்டும், எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், எதை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் ஏற்றுக்கொண்ட ஒரு கொள்கை ஏடு இருந்தது. சம்பளம் இல்லாதவர்கள், ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராதவர்கள், ஒரே ஒழுங்குக்குக் கட்டுப்பட்டார்கள். ஊர்ச் சங்கங்களில் ஒரு யாப்பை நிறைவேற்றிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

அந்த ஒழுங்கில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன், பிறகு தேவைப்படும். ஒரு லைப்ரரி பழையவற்றோடு ஒத்துப்போகாத விதமாக மாறினால், அதன் பெயரோடு இருக்கும் எண்ணும் மாறும். எண் மாறினால் பொதியின் பெயரே மாறும். பழைய சஹனை இழுத்து எடுக்காமல் பக்கத்தில் புதிய சஹன் ஒன்றை வைப்பது போல. பழையதில் சாப்பிடுபவர்கள் அதிலேயே சாப்பிடலாம், புதியவர்கள் புதியதில் உட்காரலாம். எல்லோரும் புதியதற்கு மாறிய பிறகு பழையதைத் தூக்கலாம். 1997, 1998 அளவில் சீ லைப்ரரியே இப்படி 5 இலிருந்து 6 க்கு மாறியது. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கல்லை மாற்றுவது அது. 1998 ஜூலையில் வந்த டெபியன் 2.0 அந்த மாற்றத்தைச் செய்து முடித்தது.

ஆனால் தேவையானதைத் தேடிக் கொண்டுவரும் வேலை இன்னும் கரடுமுரடாகவே இருந்தது. டெபியனில் டீசெலக்ட் என்று ஒரு கருவி இருந்தது. நீண்ட பட்டியல், புரியாத விசைகள். பயன்படுத்தியவர்களில் அதைப் புகழ்ந்த ஒருவரை நான் வாசித்ததில்லை. அதற்கு மாற்றாக ஜேசன் கன்தோர்ப்பும் நண்பர்களும் எழுதியதுதான் ஏப்ட். 1999 மார்ச் மாதம் டெபியன் 2.1 உடன் அது முறையாக வெளிவந்தது. அப்போது டெபியனில் சுமார் 2,250 பொதிகள் இருந்தன. இன்றைக்கு 70,000 அளவில் இருக்கின்றன.

ஏப்ட் என்ன செய்தது? களஞ்சியம் என்று ஓர் இடத்தை வைத்துக்கொண்டது. அங்கே இருக்கும் எல்லாப் பொதிகளின் குறிப்புகளையும் முதலில் கொண்டுவரும். நீங்கள் ஒரு பெயரைச் சொன்னால், அது எதில் தங்கியிருக்கிறது, அவை எதில் தங்கியிருக்கின்றன என்று கடைசி வரைக்கும் போய்க் கணக்கிடும். பிறகு உங்களிடம் ஒரு பட்டியலைக் காட்டும். இன்னவை புதிதாக வரும், இன்னவை மாறும், இன்னவை நீக்கப்படும். சரியா? நீங்கள் "வை" அழுத்தினால் எல்லாவற்றையும் இறக்கி, எது முதலில் போக வேண்டுமோ அந்த ஒழுங்கில் வைக்கும்.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. பிரேசிலின் கொனெக்டிவா நிறுவனம் ஏப்டை ஆர்.பீ.எம். பொதிகளுக்கு ஏற்றபடி மாற்றியது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் துறையில் கணினிகளைப் பராமரித்துவந்த சேத் விடால், யெலோ டோக் என்ற லினக்ஸுக்கு இருந்த ஒரு அப்டேட் கருவியைத் திருத்தி எழுதி யம் என்று பெயர் வைத்தார். நிறைய இயந்திரங்களைச் சிலர் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டிய இடத்தில் பிறந்த கருவி அது. பிறகு ரெட் ஹெட்டும் ஃபெடோராவும் பல வருடங்கள் அதில்தான் ஓடின. 2013 ஜூலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது கார் மோதி சேத் விடால் இறந்துபோனார். எத்தனையோ ஆயிரம் சேர்வர்கள் அன்று இரவும் அவர் எழுதிய நிரலால் அப்டேட் ஆகியிருக்கும்.

இங்கே ஒரு இடைக்குறிப்பு. ஏப்டும் யம்மும் இணையத்தை நம்பிச் செய்யப்பட்டவை. நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில் உபுண்டு சீ.டீ.யை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். 2005 இல் தொடங்கி 2011 வரை ஷிப்இட் என்ற பெயரில் அந்தத் திட்டம் நடந்தது. சீ.டீ. கையில் இருக்கும், போட்டாயிற்று. ஒரு வீடியோவைத் திறக்கப் போனால் இன்ன பொதி வேண்டும், களஞ்சியத்தில் இருந்து இறக்கவா என்று கேட்கும். எந்த இணையத்தில் இறக்குவது? களஞ்சியம் கடல் கடந்து இருந்தது. ஃபெடோராவை அடிப்படையாக வைத்து நம் நாட்டில் உருவான ஹந்தான லினக்ஸின் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரே டீ.வீ.டீ.யில் கல்விக்கும் அலுவலகத்துக்கும் தேவையான மென்பொருள்களை நிரப்பி, வீடியோ திறக்கும் பொதிகளையும் சேர்த்து, சிங்களம் தமிழ் இரண்டுக்கும் ஆதரவோடு கொடுத்தார்கள். தங்கியிருத்தல் பிரச்சினையை அவர்கள் சட்டியோடு தூக்கி வந்து தீர்த்தார்கள்.

சரி, கணக்கிடும் என்று சொன்னேனே. அந்தக் கணக்கு எவ்வளவு கடினம்?

ஒரு கல்யாணத்துக்கு அழைப்புப் பட்டியல் போடுகிறீர்கள். பெரியப்பாவைக் கூப்பிட்டால் மாமாவையும் கூப்பிட வேண்டும். மாமா வந்தால் சின்னம்மா குடும்பம் வராது. சின்னம்மா அல்லது அவருடைய மகன், இருவரில் ஒருவராவது வந்தே ஆக வேண்டும். பத்துப் பேர் என்றால் உம்மாவும் வாப்பாவும் ஒரு இரவில் உட்கார்ந்து தீர்த்துவிடுவார்கள். 70,000 பேர் என்றால்? இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஈடோஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தில் ரொபெர்டோ டி கொஸ்மோவும் சக ஆய்வாளர்களும் இதைக் கணிதமாகவே எடுத்துப் பார்த்தார்கள். ஒரு பொதியை நிறுவ முடியுமா என்ற கேள்வி, 1971 இல் ஸ்டீபன் குக் அடையாளம் காட்டிய அந்தப் பிரபலமான கடினக் கணக்குகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று நிறுவினார்கள். எல்லாச் சந்தர்ப்பத்திலும் விரைவாகத் தீர்க்கும் வழி இன்றுவரை எவருக்கும் தெரியாத கணக்குகள் அவை.

நல்ல வேளையாக, நடைமுறையில் வரும் பட்டியல்கள் அவ்வளவு கொடூரமானவை அல்ல. அந்தக் குடும்பக் கணக்குகளைத் தீர்ப்பதற்கென்றே வேறு துறைகளில் வளர்ந்திருந்த தர்க்கத் தீர்ப்பிகளைப் பொதிகளுக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டார்கள். 2008 ஜூனில் வந்த ஓப்பன்சூசே 11.0 அப்படி ஒரு தீர்ப்பியோடு வந்தது. அதன் வழிவந்த லைப்ரரியைத்தான் யம்முக்குப் பதிலாக 2015 இல் ஃபெடோரா 22 ஏற்றுக்கொண்ட டீ.என்.எப். பயன்படுத்துகிறது.

இப்போது கணக்கு சரியாக வரும். ஆனால் சரியான கணக்கு என்றால் நீங்கள் விரும்பும் விடை என்று அர்த்தமா?

2021 நவம்பரில் வெளியான ஒரு யூடியூப் வீடியோவுக்கு வருகிறேன். தொழில்நுட்பம் பற்றிப் பேசும் கனடாக்காரர் லினஸ் செபஸ்டியன் (லினக்ஸை எழுதிய லினஸ் வேறு ஆள்) ஒரு சவாலாகத் தன் வீட்டுக் கணினியில் லினக்ஸ் போடுகிறார். சிஸ்டம்76 நிறுவனத்தின் பொப் ஓ.எஸ். அது. விளையாட்டுகளுக்காக ஸ்டீம் என்ற மென்பொருளை நிறுவப் பார்க்கிறார். வரைகலைக் கடை முடியாது என்று மறுக்கிறது. இணையத்தில் தேடுகிறார், டெர்மினலில் இந்தக் கட்டளையைப் போடு என்று இருக்கிறது. போடுகிறார். ஏப்ட் நீண்ட பட்டியலைக் காட்டுகிறது. அத்தியாவசியமான பொதிகள் நீக்கப்படப் போகின்றன, என்ன செய்கிறீர்கள் என்று தெரியாமல் இதைச் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கிறது. வெறும் "வை" போதாது, தொடர வேண்டுமானால் ஒரு முழு வசனத்தைத் தட்டச்சுச் செய்ய வேண்டும் என்கிறது. "ஆம், நான் சொல்வதைச் செய்!" அவர் அதையும் தட்டச்சுச் செய்கிறார். திரை போய்விடுகிறது. டெஸ்க்டொப் முழுவதையும் ஏப்ட் கழற்றிவிட்டது.

இந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்கள் அநேகம். எச்சரிக்கையை வாசிக்காதவனுக்கு இதுதான் தண்டனை என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. களஞ்சியத்தில் அந்த நேரத்தில் பொதிகளின் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தன. பிழை அங்கே. ஏப்ட் தன் கணக்கைச் சரியாகவே செய்தது: இவருக்கு ஸ்டீம் வேண்டும், இருக்கும் பொதிகளை வைத்து ஸ்டீமைப் போட ஒரே வழி டெஸ்க்டொப்பை எடுப்பது, கேட்டேன், ஆம் என்றார், எடுத்தேன். ஸ்டீம் கேட்ட மனிதனுக்கு டெஸ்க்டொப்பும் வேண்டும் என்பது எந்தக் குறிப்பிலும் எழுதப்படவில்லை. அழைப்புப் பட்டியலில் மாப்பிள்ளையின் பெயரை யாரும் எழுதுவதில்லையே, அது போலத்தான். விதிகளுக்கு முரண்படாத ஒரு பட்டியலைப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் ஒன்றைக் கையில் கொடுத்தது கருவி.

அதன் பின் சிஸ்டம்76 தன் ஏப்டில் அந்த வசனத்தால் கடந்துபோகும் வழியை அடைத்தது. டெபியனின் மூல ஏப்டும் அடைத்தது. இப்போது அத்தியாவசியப் பொதிகளை நீக்க வேண்டுமானால் வேறு ஒரு தெரிவைத் தெரிந்தே கொடுக்க வேண்டும். 2025 இல் வந்த ஏப்ட் 3.0 இன் பட்டியலில் வருபவை பச்சை நிறத்திலும் நீக்கப்படுபவை சிவப்பு நிறத்திலும் காட்டப்படுகின்றன. இருபது வருடத்துக்கு மேல் இருந்த ஒரு வசனத்தை ஒரு பயனாளரின் திரை மாற்றிவிட்டது.

"சேர், இவ்வளவு தொல்லை எதற்கு? எல்லோருக்கும் பார்சல் கட்டினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கட்டுகிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டொல்ஸ்ட்ரா 2003 இல் தொடங்கிய நிக்ஸ், ஒவ்வொரு பதிப்பையும் அதனுடைய தனி இடத்தில் வைத்து, ஒன்று மற்றதைத் தொடாதபடி செய்தது. அப்டேட் பிடிக்காவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஸ்னெப், பிளெட்பெக் இரண்டும் வேறு விதமான பார்சல்கள். எங்கள் பழைய லெப்டொப்களில் இடம் போதாமை ஒரு பக்கம் இருக்கட்டும். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்.எஸ்.எல். என்ற இரகசியக் குறியீட்டு லைப்ரரியில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தது. சஹனில் சாப்பிட்ட கணினிகளில் அந்த ஒரு லைப்ரரியின் பொதியை மாற்றி, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மீண்டும் தொடக்கியதும் ஓட்டை அடைபட்டது. தன் பார்சலுக்குள் சொந்தப் பிரதி ஒன்றை வைத்திருந்த மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிரித்து மாற்ற வேண்டியிருந்தது.

அதற்காகச் சஹன் எப்போதும் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. 2024 மார்ச் 29 அன்று அன்ட்ரெஸ் பிரொய்ன்ட் என்ற பொறியியலாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தபோது, தொலைவில் இருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழக்கத்தைவிட அரை செக்கன் தாமதிப்பதைக் கவனித்தார். தோண்டிப் பார்த்தால், கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்.இஸட். என்ற மென்பொருளின் லைப்ரரியில் யாரோ இரகசியக் கதவு வைத்திருந்தார்கள். எஸ்.எஸ்.எச். க்கும் அந்த லைப்ரரிக்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்ற தொகுப்புகள் எஸ்.எஸ்.எச். ஐ சிஸ்டம்டீ என்பதன் லைப்ரரியோடு இணைத்திருந்தன, அந்த லைப்ரரி எக்ஸ்.இஸட். இல் தங்கியிருந்தது. நண்பனின் நண்பன் வழியாக வீட்டுக்குள் வந்த ஆள். அந்த ஆள் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தான்.

அந்தப் பழுதான பதிப்புகள் 5.6.0, 5.6.1. அவை டெபியனின் சோதனைக் கிளைகளிலும் ஃபெடோராவின் பரீட்சார்த்தப் பதிப்புகளிலும் இருந்தன. டெபியனின் நிலையான பதிப்புக்கு அவை வரவே இல்லை. "லினக்ஸ்காரர்கள் ஏன் எல்லாவற்றையும் இவ்வளவு தாமதமாகத் தருகிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன். நிலையான பதிப்பில் வரும் அப்டேட்டில் பெரும்பாலும் புதுமை இருக்காது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டே அதன் ஓட்டையை மட்டும் தைத்து அனுப்புகிறார்கள். அதனால்தான் அதை நம்பி எடுக்கலாம், அதனால்தான் எடுக்காமல் விடக் கூடாது. அந்த நானாவின் மகனுடைய கணினி வீட்டில் இணையம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் டியூஷன் வகுப்பிலும் நண்பன் வீட்டிலும் அது இணையத்தில் ஏறத்தான் செய்கிறது, தைக்காத ஓட்டைகளோடு.

இனி ஊர்ப் பேச்சுக்கு வருகிறேன். "அப்டேட் கொடுத்து உடைந்தது" என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட லெப்டொப்களில் பாதிக்கு மேல் அப்டேட்டால் உடைந்தவை அல்ல. நடுவில் கரண்ட் போனவை. பழைய பெட்டரி பத்து நிமிடம் தாங்காது. 2022 இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டீ.பி.கே.ஜீ. ஒவ்வொரு பொதியும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டே வேலை செய்யும். விரித்தாயிற்று, அமைப்பது பாதியில், முடிந்தது என்று. பாதியில் நின்றால் அந்தக் கட்டத்தில் இருந்து தொடரச் சொல்லும் ஒரு கட்டளை உண்டு. பெரும்பாலும் அது ஒன்றே போதும். விண்டோஸ் போட்டுத் தாருங்கள் என்று என்னிடம் வந்த கணினிகளில் சில அந்த ஒரு வரியால் எழுந்து நின்றன.

மீதிப் பாதியில் அதிகமானவை, வேறு எங்கேயோ இருந்து ஒரு களஞ்சியத்தைச் சேர்த்துக்கொண்டவை. விளையாட்டுக்கோ வீடியோ வெட்டுவதற்கோ யாரோ எழுதியதைப் பார்த்துச் சேர்த்தது. அந்தக் களஞ்சியக்காரர் டெபியனின் கொள்கை ஏட்டுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. சஹனில் வெளி ஆள் கொண்டுவந்த கறி அது.

அப்டேட்டில் இரண்டு வகை இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. சாதாரண அப்கிரேட் எதையும் நீக்காது. நீக்கினால்தான் முடியும் என்ற நிலை வந்தால் அந்தப் பொதியைப் பழையபடியே விட்டுவிட்டு, "நிறுத்தி வைக்கப்பட்டவை" என்று ஒரு வரியில் சொல்லும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கருவி அவசரப்படவில்லை என்று அர்த்தம். முழு அப்கிரேட் என்பது நீக்கவும் அனுமதி பெற்றது. பிள்ளைகளுக்கு முதலாவதைச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவதற்கு என்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவதற்கு இந்த வருடம் நிறையப் பேர் வருகிறார்கள். உபுண்டு 22.04 இல் இருந்து 24.04 க்கோ, டெபியன் 12 இல் இருந்து 2025 ஆகஸ்டில் வந்த 13 க்கோ ஏறும்போது நீக்கப்படும் பட்டியல் மிக நீளமாக வருகிறது. பார்த்தால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். ஓப்பன்எஸ்.எஸ்.எல். இன் லைப்ரரி கூட அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலைப் புதிதாக வருபவற்றின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீக்கப்படும் லைப்ரரிகளில் அநேகமானவை அங்கே திரும்ப இருக்கும், அதே பெயரின் கடைசியில் "டீ64" என்ற ஒட்டோடு.

அந்த ஒட்டுக்குக் காரணம் இது. பழைய 32 பிட் கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த செக்கன்களாக எண்ணுகின்றன. அந்த எண் 2038 ஜனவரி 19 அன்று, கிரீன்விச் நேரம் அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 செக்கனில் நிரம்பிவிடும். நிரம்பாமல் இருக்க எண்ணின் அளவைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் பழைய மென்பொருளுக்கும் புதிய லைப்ரரிக்கும் ஒத்துவராது. ஒத்துவராவிட்டால் பெயர் மாற வேண்டும், மேலே சொன்ன அந்த ஒழுங்கின்படி. நம் 64 பிட் லெப்டொப்களில் எண் ஏற்கனவே பெரியதுதான், ஆனால் எல்லா வகைக் கணினிக்கும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் இங்கேயும் பெயர் மாறியது. 2024 இல் டெபியன்காரர்கள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான லைப்ரரிப் பொதிகளுக்குப் பெயர் மாற்றினார்கள், அவற்றில் தங்கியிருந்த பல்லாயிரம் பொதிகளைத் திரும்பக் கட்டினார்கள்.

ஆகவே அந்தப் பட்டியல் வந்தால் சிவப்பில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பச்சையில் தேடுங்கள். டீ64 ஒட்டோடு கிடைத்தால் "வை" அழுத்தலாம். சிவப்பில் டெஸ்க்டொப் என்ற சொல் இருந்து, பச்சையில் அதற்கு இணை இல்லாவிட்டால், எதையும் அழுத்தாமல் திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இஷாவுக்குப் பிறகு பார்க்கிறேன்.